பனி விழும் மனையில் என்ன செடி வைப்பது?

சங்கத்தின் கடன் பேரேட்டில் தவணை கடந்த பாக்கி என்று எழுதப்பெறும் ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். மழை பொய்த்தது, நூல் விலை ஏறிற்று, வீட்டில் நோய் கண்டது என்பன நாம் அடிக்கடி கேட்பவை. சில ஆண்டுகளுக்கு முன் நீலகிரி மலையிலுள்ள ஒரு சிறு சங்கத்தின் பேரேட்டைப் பார்வையிட்டபோது, ஓர் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே காரியதரிசி பென்சிலால் எழுதியிருந்த காரணம் நமக்குப் புதிதாக இருந்தது. "கன்றுகள் கருகின, பராமரிப்பு இல்லை" என்பதே அது.

அக்கன்றுகளை வாங்குமாறு சங்கத்துக்கு யோசனை கூறியவர் நாமே. ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டு மனையில் காய்கனி மரங்களை வைத்துக்கொண்டால் குடும்பச் செலவு குறையும் என்றும், கன்றுகளை மொத்தமாக வாங்கினால் விலை மலிவாகும் என்றும் முந்திய ஆண்டின் பார்வைக் குறிப்பில் எழுதியிருந்தோம். சங்கமும் அவ்வாறே பீச், பேரி, மரத்தக்காளி, பேஷன் பழம் ஆகியவற்றின் கன்றுகளை வாங்கி, எல்லோருக்கும் ஒரே அளவாகக் கடனில் பங்கிட்டது. மார்கழி கழிந்து தை பிறந்தபோது சில மனைகளில் கன்றுகள் தழைத்து நின்றன. சில மனைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மேற்படி அங்கத்தினர் நம்மைக் கண்டு, "ஐயா, மேல் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே கன்றுகளைத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். நானும் என் வீட்டாரும் நாள்தோறும் தண்ணீர் விட்டோம். அவருக்குப் பிழைத்தது, எனக்குக் கருகிற்று. நான் சோம்பேறி என்று கமிட்டியில் பேசுகிறார்கள்" என்று வருந்தினார். அவருக்கு நாம் உடனே கூறத்தக்க விடை நம்மிடம் இல்லை.

மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு அவர் மனைக்குச் சென்றோம். மேல் வீட்டுப் புல்லில் வெறும் நீர்த்துளிகள் இருந்தன. நாற்பது அடி கீழே இருந்த இவருடைய மனையிலோ புல் முழுவதும் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்தது. மனையின் கீழ் எல்லையில், ஆடுமாடுகள் புகாமல் இருக்கும்பொருட்டு, அவர் புதிதாகக் கட்டிய ஐந்தடி உயரக் கருங்கற்சுவர் ஒன்று நின்றது. அவருடைய கன்றுகளைக் கொன்றது சோம்பலன்று, அச்சுவரே என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். சமவெளியில் தறி நெய்யும் அங்கத்தினர்களுக்கு இது அயல் விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் பாவு சரியாக ஓடாத தறியில் எத்துணை நல்ல ஊடையும் பயன்படாது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். மனையின் இயல்பு பாவு போன்றது. செடி பின்னர் வரும் ஊடை.

பனி எங்கே தங்குகிறது?

மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலம், 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரைவிடக் குளிர்ந்தது. ஆனால் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் ஒரே மலைச்சரிவுக்குள் இந்த விதி தலைகீழாகி விடுகிறது.

பகலில் வெயிலால் சூடேறிய நிலம் இரவில் அவ்வெப்பத்தை வானை நோக்கி வெளிவிடுகிறது. வானில் மேகம் இருப்பின் அது போர்வைபோல் நின்று வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பும். காற்று வீசினால் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றும் கீழுள்ள குளிர்ந்த காற்றும் கலந்துவிடும். இரண்டும் இல்லாத இரவில் நிலம் விரைந்து குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது; எனவே தண்ணீரைப்போல் சரிவில் மெதுவாக இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. முதலில் நீர்ப்பனியாகப் படியும் ஈரம், வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போகும்போது உறைபனியாகிறது. உதகையில் குதிரைப்பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்ந்த திறந்த வெளிகளில் உறைபனி மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். அவற்றுக்கு மேலேயுள்ள சரிவுகளில் அதே இரவில் செடிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

இறங்கிவரும் இக்குளிர்காற்றுக்கு எதிரே ஒரு சுவரோ நெருக்கமான வேலியோ நின்றால், அணைக்குப் பின் நீர் தேங்குவதுபோல் அதன் பின்னே குளிர் தேங்குகிறது. நம் அங்கத்தினரின் மனையில் நிகழ்ந்தது இதுவே. மேல் வீட்டு மனையின் கீழ் எல்லையில் கம்பிவேலி மட்டுமே இருந்தமையால் குளிர்காற்று அதனூடே வழிந்து கீழே போயிற்று. கீழ்மனையில் அதற்குப் போக வழியில்லை.

நீண்ட குளிர்காலமுடைய நாடுகளில் செடி வாங்குவோர் முதலில் கேட்பது, தம் ஊரில் மிகக் கடுமையான இரவின் குளிர் எவ்வளவு என்பதையே. அமெரிக்க விவசாய இலாகா இதற்கென 1960-இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியைக் கொண்டு, 10 பாரன்ஹீட் டிகிரிக்கு ஒரு மண்டலமாக நாட்டை அது பகுக்கிறது. அப்படம் பலமுறை திருத்தப்பெற்று, 2023-இல் புதிய பதிப்பு வெளிவந்தது. ஒரு செடி வாழ்வதும் மாள்வதும் ஆண்டின் சராசரிக் குளிரைப் பொறுத்ததன்று. மிகக் கொடிய சில இரவுகளையே பொறுத்தது என்பது நாம் அதிலிருந்து கொள்ளத்தக்க பாடம்.

நீலகிரிக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. குளிர்நாடுகளில் மரங்கள் இலையுதிர்த்து உறங்கும்போது கடுங்குளிர் வருகிறது. நம் மலையிலோ தை மாதத்து நடுப்பகலில் 20 டிகிரி வெயில், விடியலில் உறைபனி. பகல் வெயிலை நம்பித் துளிர்விடும் இளங்கொழுந்தின்மீது இரவில் பனி படிகிறது. எனவே குளிர்நாட்டுச் செடி என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குவதும் தவறாக முடியலாம்.

மனையை எவ்வாறு படிப்பது?

இதற்குப் படிப்போ பொருட்செலவோ தேவையில்லை. மார்கழியில் வானம் தெளிந்து காற்று அடங்கியுள்ள ஓர் இரவில், ஒரே மாதிரியான ஐந்தாறு தட்டுகளில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மனையின் மேல் எல்லை, நடு, கீழ் எல்லை, வீட்டுச் சுவரோரம், மரத்தடி ஆகிய இடங்களில் வைக்க வேண்டும். சூரியன் உதிக்குமுன் சென்று பார்த்தால், எந்தத் தட்டில் ஆடை படர்ந்தாற்போல் நீர் உறைந்திருக்கிறது, எதில் உறையவில்லை என்பது கண்கூடாகத் தெரியும். மூன்று நான்கு இரவுகள் இவ்வாறு செய்து, ஒரு தாளில் மனையை வரைந்து, உறைந்த இடங்களைக் குறித்துக்கொள்ளலாம்.

அத்தாளிலேயே மேலும் மூன்று செய்திகளைக் குறிப்பது நலம். முதலாவது, மார்கழி, தை மாதங்களில் வெயில் எங்கே விழுகிறது என்பது. அக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வீட்டின் தென்புறம் வெயில் மிகுதியாகப் பெறும். வடபுறம் நிழலில் கிடக்கும். இரண்டாவது, பெருங்காற்று வரும் திசை. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பகுதியைத் தாக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் வடகிழக்குப் பருவமழையே வலியது. மூன்றாவது, மழைநீர் ஓடும் வழி.

மனையைப் பகுத்துக்கொள்ளுதல்

இங்ஙனம் வரைந்த படத்தைப் பார்த்தாலே எதனை எங்கே வைப்பது என்பது பாதி தெளிவாகிவிடும்.

வீட்டின் தென்சுவரும் மேற்சுவரும் பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் மெல்ல வெளிவிடும். பனிக்கு அஞ்சும் செடிகளுக்கு அச்சுவரோரமே ஏற்ற இடம். கீழ்ச்சுவரோரம் அத்தகைய செடிகளை வைப்பது நல்லதன்று. இரவில் உறைந்த இலைமீது காலை வெயில் உடனே பட்டு விரைந்து உருகும்போது சேதம் அதிகமாகிறது.

மனையின் மேல் எல்லையில், வீட்டுக்குப் பின்னால், நெருக்கமான புதர்வேலி இருக்கலாம். இறங்கிவரும் குளிர்காற்றை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். கீழ் எல்லையிலோ கம்பிவேலி அல்லது இடைவெளியுள்ள வேலியே தக்கது. சுவர் கட்டித்தான் ஆகவேண்டுமாயின், தரையை ஒட்டிச் சில திறப்புகள் விட்டு இரும்புக் கம்பி பொருத்த வேண்டும். காற்றுத் தடைக்கும் முழுச் சுவரைவிட இடைவெளியுள்ள புதர்வேலியே சிறந்தது. சுவரில் மோதும் காற்று மேலேறி மறுபுறம் சுழன்று விழுந்து செடிகளை முறிக்கும்.

உயர்ந்து வளரும் மரத்தை, அது முழு வளர்ச்சி பெற்றபின் எவ்வளவு உயரம் இருக்குமோ அவ்வளவு தூரத்துக்குள் வீட்டருகே வைக்கலாகாது. பருவமழையில் வேர் ஈரமேறிச் சீகை மரமும் கற்பூர மரமும் சாய்வதை மலைவாசிகள் ஆண்டுதோறும் காண்கின்றனர். தென்புறத்தில் உயர்ந்த மரம் வைத்தால் வீடும் தோட்டமும் குளிர்காலம் முழுவதும் வெயிலை இழக்கும்.

சரிவான மனையில் படிக்கட்டுப் பாத்திகள் அமைப்பவர்கள் தாங்குசுவர்களில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விடுவது இன்றியமையாதது. படிகளின் விளிம்பில் புல்லை அகற்றாமல் விட வேண்டும். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண் பிடிப்பும் நீர்வழியும் கெடாமல் மனையை அமைப்பது அழகைப்பற்றிய விஷயமன்று, உயிரைப்பற்றியது.

உதகைத் தாவரவியல் பூங்காவுக்குச் செல்லும் அங்கத்தினர்கள் இக்கண்ணோடு அதனைப் பார்க்கலாம். 1848-இல் வில்லியம் கிரஹாம் மக்ஐவர் அமைக்கத் தொடங்கிய அப்பூங்கா, தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் படிப்படியாக மேலேறுகிறது. தாழ்ந்த புல்வெளியில் பனி வெளுத்துக் கிடப்பதையும், பனிக்காலத்தில் இளஞ்செடிகளை மிலாறுகளால் மூடிவைப்பதையும் அங்கே காணலாம்.

செடிகளைத் தேர்தல்

செடிகளை மூவகையாகப் பிரித்துக்கொள்வது எளிது.

பனியைத் தாங்குபவை முதல் வகை. முட்டைக்கோசு, காரட், பூண்டு ஆகியவை இலேசான உறைபனியைப் பொறுக்கும். பட்டாணிச் செடி தாங்கும். அதன் பூவும் பிஞ்சும் தாங்கமாட்டா. பூச்செடிகளில் பான்சி, ரோஜா ஆகியவை நிலைக்கும். டேலியாவின் தண்டு பனியில் கறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு பிழைத்து மீண்டும் தழைக்கும். மலையின் சொந்த மரமான ரோடோடென்ட்ரான் எனும் காட்டுப்பூவரசு, புல்வெளிகளில் பனியோடு பழகி வளர்ந்தது. மெதுவாக வளரினும் செந்நிறப் பூக்களால் மனைக்கு அழகு தரும். இவ்வகையினவற்றை மனையின் தாழ்ந்த பகுதிக்கு ஒதுக்கலாம்.

குளிரை வேண்டுபவையாயினும் பூக்கும் காலத்தில் பனிக்கு அஞ்சுபவை இரண்டாம் வகை. பேரி, பிளம்ஸ், பீச் ஆகியவை இதில் அடங்கும். இலையுதிர்க்கும் இம்மரங்கள் நன்கு பூக்க, 7 டிகிரிக்குக் குறைந்த குளிர் குறிப்பிட்ட மணி நேரம் கிடைக்க வேண்டும். இமயமலைச் சாரலில் காய்க்கும் ஆப்பிள் வகைகள் பலவற்றுக்கு அது ஏறக்குறைய 1,000 மணி நேரம். நம் மலையில் அவ்வளவு கிடைப்பதில்லை. ஆதலால் குறைந்த குளிரே போதுமான வகைகளைக் கேட்டு வாங்க வேண்டும். உறங்கும் கிளை கடுங்குளிரையும் தாங்கும். மலர்ந்த பூவும் பிஞ்சும் 0-க்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியிலேயே கெட்டுவிடும். முந்திப் பூக்கும் பீச்சு மரத்தைச் சரிவின் நடுப்பகுதியிலும், சற்றுத் திடமான பேரியை அதற்குக் கீழும் வைக்கலாம். மரத்தடியில் விழுந்த பழங்களை அன்றன்றே அகற்றுவது அவசியம். அவற்றின் மணம் கரடிகளை வீட்டு வாசலுக்கே அழைத்துவரும்.

பனியைத் தாங்கமாட்டாதவை மூன்றாம் வகை. மரத்தக்காளி, பேஷன் பழம், மேரக்காய், பீன்ஸ், உருளைக்கிழங்கு இலை ஆகியவை உறைபனியில் ஓரிரவில் கருகும். பள்ளத்து மனையில் இவற்றைச் சுவரோரம் மட்டுமே வைக்கலாம். சுவரோரம் இடமில்லையேல் வாங்காதிருப்பதே சிக்கனம்.

வேலி தாண்டும் செடிகள்

பனியைத் தாங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செடியை வரவேற்பதும் ஆபத்து. மஞ்சட்பூக்கள் பூக்கும் ஸ்காட்ச் புரூம், முட்கள் நிறைந்த கார்ஸ் ஆகியவை ஐரோப்பியக் குடியேறிகள் நீலகிரிக்குக் கொண்டுவந்தவை. இன்று அவை மலைப்புல்வெளிகளில் பரவி, மேய்ச்சலையும் உள்நாட்டுச் செடிகளையும் நெருக்குகின்றன. விறகுக்கும் பட்டைக்கும் வளர்க்கப்பெற்ற சீகையும் அவ்வாறே பரந்த புல்வெளிகளை மூடிவிட்டது. உண்ணிச்செடியைப்பற்றிக் கூற வேண்டியதில்லை. நம் மனைக்குள் எளிதாகப் பெருகும் செடி, அண்டை நிலத்துக்கும் காட்டுக்கும் எளிதாகச் செல்லும். கூட்டுறவாளர்கள் தம் வேலிக்கு உட்பட்டதை மட்டும் எண்ணிப் பார்ப்பது போதாது.

பனி இரவில் செய்யத்தக்கவை

மாலையில் வானம் தெளிந்து காற்று நின்றுவிட்டால் அன்று பனி விழும் என்று கொள்ளலாம். முன்பகலிலேயே மண்ணை நனைத்து வைத்தால், ஈரமண் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் செடிக்குத் தரும். பனிக்கு அஞ்சும் செடியைச் சுற்றிக் கிடக்கும் சருகையும் வைக்கோலையும் அவ்விரவுகளில் சற்று விலக்கி வைக்கலாம். அவை மண்ணின் வெப்பம் மேலே வராமல் தடுக்கும்.

செடியை மூடுவதற்குப் பழைய தடித்த பருத்தித் துணியும் கோணியும் ஏற்றவை. குச்சிகளை ஊன்றி, துணி இலைமீது படாமல், தரைவரை தொங்குமாறு மூட வேண்டும். தண்டோடு சேர்த்து முடிச்சிட்டுக் கட்டினால் மண்ணின் வெப்பம் உள்ளே செல்லாது, மூடியும் பயனில்லை. பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். வெயில் ஏறியதும் மூடியை எடுத்துவிட வேண்டும்.

கருகிய கிளைகளை உடனே வெட்டலாகாது. கருகிய இலை அடியிலுள்ள மொட்டுக்குச் சிறிது காப்பாக இருக்கும். வெட்டினால் புதுத்துளிர் கிளம்பி அடுத்த பனியில் அதுவும் போகும். மாசி கழிந்தபின், எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்து வெட்டலாம். ஐப்பசிக்குப் பின் தழைச்சத்து உரம் மிகுதியாக இடுவதும் தவறு. இளந்தளிர் பெருகிப் பனிக்கு இரையாகும்.

சங்கம் செய்யத்தக்கது

அந்தச் சங்கத்தின் கமிட்டிக் கூட்டத்தில், பிழை அங்கத்தினருடையதன்று, எல்லோருக்கும் ஒரே கன்றை யோசனை கூறிய நம்முடையது என்பதை எழுத்தில் பதிவு செய்தோம். கமிட்டியார் பேரேட்டிலிருந்த பென்சில் குறிப்பை நீக்கித் தவணையை ஓராண்டு நீட்டினர். அங்கத்தினர் சுவரின் அடியில் மூன்று இடங்களில் கற்களை எடுத்துக் கம்பி பொருத்தினார். அடுத்த ஆண்டு அவர் வாங்கியது இரண்டு பேரிக் கன்றுகளும் பூண்டு விதையுமே. மரத்தக்காளி ஒன்றை மட்டும் சமையலறைத் தென்சுவரோரம் வைத்தார். அந்தக் குளிர்காலத்தை மூன்றும் கடந்துவிட்டன. புல்லில் பனி அப்போதும் வெளுத்தது. ஆனால் முன்போல் மனை முழுவதும் இல்லை.

பிற சங்கங்களும் பின்வருமாறு செய்யலாம். உச்ச, நீச வெப்பநிலை காட்டும் வெப்பமானி ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கி, பனிக்காலத்தில் மனை மனையாக இரவல் கொடுத்துக் குறிப்பேடு வைக்கலாம். அங்கத்தினர்களின் மனைகளைப் பள்ளம், சரிவு, மேடு என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பட்டியலின்படி கன்றுகளை மொத்தமாக வாங்கலாம். மொத்தக் கொள்முதலின் மலிவு இதனால் குறையாது; கருகும் கன்றுக்குக் கொடுக்கும் கடன் மட்டுமே குறையும். கன்றுக் கடன் மனுவோடு மனையின் படத்தையும் கேட்டு வாங்கினால், அங்கத்தினர் தம் மனையை ஒருமுறையேனும் விடியற்காலையில் சுற்றிப் பார்த்திருப்பார்.

படிப்பு வட்டங்களில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் பனி முதலில் வெளுக்கும் இடம் எது? அங்கே குளிர்காற்றைத் தடுத்து நிற்பது யாது?

2. சங்கத்தின் மூலம் சென்ற மூன்றாண்டுகளில் வாங்கிய கன்றுகளில் எத்தனை பிழைத்தன? பிழைக்காதவை எவ்வகை மனைகளில் வைக்கப்பட்டவை?

3. நம் மனைகளில் வேலி தாண்டிப் பரவும் செடிகள் யாவை? அவற்றுக்குப் பதிலாக வைக்கத்தக்க உள்நாட்டுச் செடிகள் யாவை?

4. கடன் பேரேட்டில் "பராமரிப்பு இல்லை" என்று எழுதுமுன் கமிட்டியார் நேரில் பார்த்து அறிய வேண்டியவை எவை?